உதைத்தறி அளவை: மும்பைத் தமிழரின் கார்ச் சக்கரங்கள் குறித்து ஓர் ஆய்வு

தமிழில் தருக்கம் எழுதியோர், ஒரு பொருளை உள்ளபடி அறிவதற்குரிய வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக வகுத்து, அவற்றை அளவைகள் என்றனர். கண்ணால் காண்பது காண்டல்; புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவது கருதல்; நம்பத்தக்கவர் சொன்னதை ஏற்பது உரை. கார்ச் சக்கரத்தில் காற்று எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய இம்மூன்றும் போதா என்று கண்ட பிற்காலத்தார், எந்த நூலிலும் இடம்பெறாத நான்காம் அளவை ஒன்றைத் தாமே ஏற்படுத்திக்கொண்டுள்ளனர். அது சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்ப்பது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் கார் வைத்திருக்கும் தமிழருள் இதைக் கைக்கொள்ளாதவர் அரியர் என்பதால், அது யாதென விளக்க வேண்டியதில்லை. ஐந்தாவதாக, அழுத்தமானி என்னும் கருவியைச் சக்கரத்தின் வால்வில் பொருத்தி, அது காட்டும் எண்ணைப் படித்துக்கொள்ளும் முறை ஒன்றும் உண்டு. அதுவே சரியான முறை. அதை மாதம் ஒருமுறை, பிழையின்றி, பிறர் உதவியின்றிச் செய்துகொள்வது எப்படி என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் தெளிவுபடுத்த வேண்டியவை சில உள்ளன.

காற்றழுத்தம் பி.எஸ்.ஐ. என்னும் அலகால் குறிக்கப்படுகிறது; ஒரு சதுர அங்குலப் பரப்பின்மீது எத்தனை பவுண்டு அழுத்துகிறது என்பது அதன் பொருள். எடைக்கும் நீளத்துக்கும் மெட்ரிக் அளவுகளையே கொள்ள வேண்டும் என்று இந்தியா 1956-இல் சட்டம் இயற்றியது. சேரும் வீசையும் அதன் பின் வழக்கொழிந்தன. ஆயினும் பெட்ரோல் பம்புகளில், பெட்ரோல் லிட்டரில் ஊற்றப்படும் இடத்திலிருந்து ஐந்தடி தள்ளி, காற்று இன்றும் பவுண்டில்தான் அடைக்கப்படுகிறது. இதை எவரும் வியப்பதில்லை. சிறிய, நடுத்தரக் கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 36 பி.எஸ்.ஐ. வரை வேண்டும். அந்தந்தக் காருக்குரிய துல்லியமான எண், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு தாளில் அச்சிடப்பட்டிருக்கிறது. நாள்தோறும் அக்கதவைத் திறந்து மூடுவோரிடம் அத்தாளைப் படித்ததுண்டா என்று கேட்பது நாகரிகம் ஆகாது. 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார் 33 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிற்கும்போது, ஒவ்வொரு சக்கரமும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 110 சதுர சென்டிமீட்டர், அதாவது பெரிய உள்ளங்கை ஒன்றின் அளவு. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி மடங்கிச் சூடேறும், ஓரங்கள் தேயும். மிகுந்தால் நடுப்பகுதி தேயும், பிரேக்கின் பிடி தளரும். இவை யாவரும் அறிந்தவை. அறிந்தவர்களே உதைக்கிறார்கள் என்பதுதான் இங்கே பேசப்பட வேண்டியது.

உதைத்தலின் தோற்றத்தை ஆராய்ந்தால் அது லாரிகளில் போய் முடிகிறது. லாரியின் பின் அச்சில் சக்கரங்கள் இரட்டை இரட்டையாக அமைந்திருப்பதால், உட்பக்கச் சக்கரத்தில் காற்று இறங்கினாலும் வெளிப்பக்கச் சக்கரம் சுமையை ஏற்றுக்கொள்ள, பார்வைக்கு எதுவும் புலப்படாது. ஆகவே வண்டி புறப்படும் முன் கிளீனர் இரும்புக் கம்பியாலோ கட்டையாலோ ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு எது இறங்கியது, எது நிற்கிறது என்று சொல்லிவிடுவார். இது ஆண்டுக்கணக்கான பழக்கத்தால் செவிக்கு வாய்ப்பது. கார்க்காரர் இதிலிருந்து தட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, கேட்பதை விட்டுவிட்டார்; கம்பியை எடுக்கக் குனிய வேண்டும் என்பதால் அதன் இடத்தில் காலை வைத்துக்கொண்டார்.

33 பி.எஸ்.ஐ. உள்ள டயரையும் 26 பி.எஸ்.ஐ. உள்ள டயரையும் அடுத்தடுத்து உதைத்தால், இரண்டுக்குமிடையே கால் உணரக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை. உதையினால் உறுதியாக அறியக்கூடியது உதைத்தவரின் கட்டைவிரல் நலமாக உள்ளதா என்பது ஒன்றே. அதிலும் காலணி குறுக்கிடுகிறது. ஹவாய்ச் செருப்பணிந்து உதைப்பவருக்கு எல்லா டயரும் கல்லாகத் தோன்றும். சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையோரத் தோல் கடைகளில் வாங்கிய, தாராவித் தொழிலாளர் கையால் தைத்த கனமான ஷூ அணிந்து உதைப்பவருக்கு எல்லா டயரும் மென்மையாகத் தோன்றும். ஒரே சக்கரம் காலையில் நடைப்பயிற்சியின்போது நிறைந்தும், மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது குறைந்தும் காணப்படுவதற்கு இதுவன்றி வேறு காரணம் இல்லை.

வட்டாரந்தோறும் உதை வேறுபடும். மாட்டுங்கா உதை வேட்டியை ஒரு கையால் சற்றே உயர்த்திக்கொண்டு குதிகாலால் நிகழ்த்தப்படுவது. ஆஸ்திக சமாஜக் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் நிகழும்போது அதில் ஓர் ஆசி கலந்திருக்கும். செம்பூர் உதை ஷூவின் பாலிஷ் கெடாதபடி பாதத்தைத் திருப்பி, அடிப்பகுதியால் தள்ளுவது; இது உதை என்று சொல்லத்தக்கதா என்பதே ஐயத்துக்குரியது. தாராவி உதை நடையை நிறுத்தாமலே நிகழ்வது. 90 அடிச் சாலையில் நின்று உதைக்க இடம் கிடையாது. மூன்றுக்கும் பொதுவானது, உதைத்தபின் சக்கரத்தைப் பாராமல் தொலைவில் எங்கேயோ பார்த்தபடி "ம்" என்பது. அந்த ஒலியின் பொருள் இன்றுவரை தெளிவாகவில்லை. போதும் என்றும் போதாது என்றும் அதைக் கொள்ளலாம். உதைத்தவரைக் கேட்டால் இரண்டுமே என்பார்.

நான்கு சக்கரங்களையும் உதைப்பவர் எவரும் இலர் என்பதையும் கருத வேண்டும். மும்பைக் குடியிருப்பு வளாகங்களில் கார்கள் ஒரு பக்கம் மதிலை ஒட்டியே நிறுத்தப்படுவதால், மதில் பக்கத்து இரு சக்கரங்களைக் கால் எட்டாது. இந்தப் பக்கம் சரியாயிருந்தால் அந்தப் பக்கமும் சரியாயிருக்கும் என்று துணிகிறார்கள்; கருதல் அளவைக்கு இவ்விடத்தில்தான் வேலை வருகிறது. இவர்கள் ஒரு கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு அலுவலகம் செல்வதாகத் தெரியவில்லை.

உதைத்தலைப் பற்றி இத்துடன் நிறுத்திக்கொள்வதே முறை. எனினும் வரலாற்றைத் தொடாமல் விடுவது குறையாகும். காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தும் அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888-இல் அதை மீண்டும் கண்டு காப்புரிமை பெற்றவர், பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த ஜான் பாய்டு டன்லப். மகனின் மூன்று சக்கர மிதிவண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காக அவர் அதைச் செய்தார். அவர் தொழிலால் கால்நடை மருத்துவர். உதைக்கும் நோயாளிகளையே வாழ்நாளெல்லாம் பார்த்துவந்த ஒருவர், வருவோர் போவோரெல்லாம் உதைக்கும் ஒரு பொருளை உலகுக்கு விட்டுச் சென்றார். இந்தியாவில் எம்.ஆர்.எஃப். என்று இன்று அறியப்படும் டயர் நிறுவனமோ, 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் கே. எம். மாம்மென் மாப்பிள்ளை தொடங்கிய பொம்மைப் பலூன் பட்டறையிலிருந்து வளர்ந்தது. பலூனில் காற்றுப் போதுமா என்பதை உதைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. பிரெஞ்சு நாட்டு மிஷ்லான் நிறுவனம் 1940-களின் இறுதியில் கொண்டுவந்த ரேடியல் டயர், பக்கச்சுவர் இளகி நிற்கும்படி அமைக்கப்பட்டது. காற்று முழுமையாக இருக்கும்போதும் அதன் அடிப்பகுதி சற்றுப் பிதுங்கியே காணப்படும், கால் பங்கு இறங்கிய பின்னும் ஏறக்குறைய அப்படியேதான் காணப்படும். ஆகவே காண்டல் அளவையும் இந்தப் பொருளில் பயன்படாது. செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே 2014 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய மோனோரயிலும் ரப்பர் டயர்களின் மேல் ஓடும்படி அமைந்ததே. உயரமான தூண்களின்மீது அமைந்ததால் அதை எவர் காலும் எட்டவில்லை. அது அந்த டயர்கள் செய்த நல்வினை.

இவ்வளவு விரிவாக உதைத்தலை ஆராய நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அண்மையில் ஒரு ஞாயிறு காலை, மாட்டுங்காவின் குடியிருப்பு வளாகம் ஒன்றில், பெட்ரோல் பம்பில் வெயிலில் வரிசை நின்று நான்கு சக்கரங்களிலும் காற்று நிரப்பிவந்த கார் ஒன்று, எஞ்சின் சூடு ஆறுவதற்கு முன்பே, அதன் உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போதே உதைக்கப்பட்டது. உதைத்தவர் அதே கட்டடத்தின் பெரியவர் ஒருவர். கையில் பால் பாக்கெட்டு. "பின்னாடி காத்து கம்மியா இருக்கே, பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார். அவரிடம் கார் இல்லை, ஒருபோதும் இருந்ததுமில்லை. அவ்வுரிமையாளர் யார் என்பது ஆய்வின் நடுநிலைமை கருதி இங்கே குறிப்பிடப்படவில்லை. லிஃப்டு மேலே சென்றதை உறுதிசெய்துகொண்டு, இருபுறமும் பார்த்துவிட்டு, அவரும் அதே சக்கரத்தை ஓர் உதை உதைத்தார் என்பதும், அது கம்மியாகத்தான் இருப்பதாக அவருக்கும் தோன்றிற்று என்பதும் மட்டும் பதிவு செய்யத்தக்கவை.

இனி உரை அளவை. நம்பத்தக்கவர் சொல்லே உரை எனப்படும். டயரைப் பொறுத்தவரை மும்பையில் எல்லாரும் நம்பத்தக்கவராகத் தம்மைக் கருதிக்கொள்கிறார்கள். தம் காரின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தறியாதவர், பிறர் காரின் சக்கரத்தை இருபதடி தொலைவிலிருந்தே கண்டு கூறுகிறார். வாட்ச்மேன் "சாப், ஹவா கம் ஹை" என்கிறார். தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கடைக்காரர், "அண்ணாச்சி, முன்னால காத்து எறங்கிட்டுல்லா, பாக்கலியா?" என்று கடைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கிறார், இதில் குற்றம் சாட்டும் தொனி இருந்தாலும் முன்சக்கரம் என்று இடமாவது குறிப்பிடப்படுகிறது. செம்பூர் டைமண்ட் கார்டன் சிக்னலில் நிகழ்வதுதான் பொறுக்க முடியாதது. அங்கே மோட்டார் சைக்கிளில் வரும் ஒருவர் கார்க் கண்ணாடியைத் தட்டி, ஆள்காட்டி விரலைக் கீழ்நோக்கி இருமுறை ஆட்டிவிட்டு, பச்சை விளக்கு எரிந்ததும் மறைந்துபோகிறார். எந்தச் சக்கரம், எவ்வளவு குறைவு, அல்லது கதவில் துப்பட்டா சிக்கியிருக்கிறதா என்பவை சொல்லப்படுவதில்லை. காரில் இருப்பவரின் மனநிம்மதி அன்று மாலை வரை கெட்டது என்பதோடு அவர் பணி முடிந்துவிடுகிறது. "காத்தே இல்ல" என்று அடித்துச் சொல்பவரும் உண்டு. அறிவியலின்படி இக்கூற்று பிழை. அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு மிகுதி என்பதை மட்டுமே. அது சுழியைக் காட்டும்போதும், தரையோடு தரையாகப் படிந்துவிட்ட டயருக்குள்ளும், கடல் மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று இருந்தே தீரும். இதே காரணத்தால், மும்பையில் நிரப்பிய டயர் 600 மீட்டருக்கு மேல் உயரமுள்ள லோனாவாலாவில், வெப்பநிலை மாறாவிட்டால், ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். இதை எடுத்துச் சொன்னால் அறிவிப்பாளர்கள் மகிழ்வதில்லை.

பெட்ரோல் பம்பின் காற்றுப் பகுதியில் நிலைமை வேறு. அங்கே கருவி உண்டு. வேண்டிய எண்ணை அமைத்துவிட்டால் அந்த அளவை எட்டியதும் ஓசை எழுப்பித் தானே நின்றுவிடும் மின்னணுப் பெட்டி அது. ஆனால் எண்ணை அமைப்பவர் அங்குப் பணிபுரியும் இளைஞர், எண்ணைச் சொல்ல வேண்டியவர் குளிர்காற்று வெளியேறாதபடி கண்ணாடியை நான்கு விரல் மட்டும் இறக்கிக்கொண்டு உள்ளே அமர்ந்திருப்பவர். "கித்னா?" என்கிறார் இளைஞர். 33-க்கு இந்தியில் தைந்தீஸ், 35-க்குப் பைந்தீஸ். கம்ப்ரசர் இரைச்சலில், நான்கு விரல் இடைவெளியில், பாலக்காட்டு நாவிலிருந்தோ தஞ்சாவூர் நாவிலிருந்தோ புறப்படும் இவ்விரண்டையும் பிரித்தறிய எந்தச் செவியாலும் ஆகாது. 32-க்கான சொல் பலருக்கு மும்பையில் பாதி வாழ்நாள் கழித்தபின்னும் உரிய நேரத்தில் வாயில் வருவதில்லை. எனவே தெரிந்த சொல்லான தீஸ் சொல்லப்படுகிறது, இல்லையேல் எது சொன்னாலும் 35 அடைக்கப்படுகிறது. கார் தயாரித்த பொறியாளர்கள் சோதனைக்கூடத்தில் கண்டு, தூணில் அச்சிட்டு ஒட்டிய எண்ணுக்கு இந்த உரையாடலில் இடமில்லை. பிறகு "இலவசக் காற்று" என்னும் பலகையின் கீழ் நிற்கும் அந்த இளைஞர், மூன்று வால்வு மூடிகளைத் திருகிவிட்டு, கண்ணாடி அருகே வந்து எதுவும் பேசாமல் நிற்கிறார். பத்து ரூபாய் கைமாறுகிறது. நான்காவது மூடி எங்கே என்ற கேள்வி வீடு திரும்பிய பின்னரே தோன்றும்.

சிலர் இலவசத்தை வெறுத்து நைட்ரஜன் நிரப்பிக்கொள்கிறார்கள். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கை மாற்றுவதற்காகச் சக்கரத்துக்கு இவ்வளவு என்று பணம் தரப்படுகிறது. விமான டயர்களில் நைட்ரஜன் நிரப்புவது தீப்பற்றாமல் காப்பதற்கும், உறைபனிக் குளிரில் ஈரம் கட்டியாகாமல் இருப்பதற்கும். செம்பூரிலிருந்து தாதருக்குக் காய்கறி வாங்கப் போகும் காருக்கு இவ்விரு இடர்களும் நேர்வதில்லை. 2019 ஜூலையில் நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் நிதின் கட்கரி மாநிலங்களவையிலேயே டயர்களில் நைட்ரஜன் நிரப்புவதைக் கட்டாயமாக்கும் எண்ணத்தை வெளியிட்டார் என்பதால், இப்பழக்கத்தை முற்றிலும் நகையாடுவதற்கில்லை. ஆயினும் செம்பூரை அடுத்த ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் உர ஆலை அதே காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து அமோனியாவும் யூரியாவும் செய்துகொண்டிருக்க, அதன் புகைபோக்கிகள் தெரியும் தொலைவில், பச்சை நிற வால்வு மூடிகளுடன், அந்த நைட்ரஜன் ஓர் அரிய பொருளாக விற்கப்படுவதைக் காண்பவருக்குச் சற்று எரிச்சல் மூளத்தான் செய்யும்.

இனிச் சரியான முறைக்கு வரலாம். அளவிடும்போது டயர் குளிர்ந்திருக்க வேண்டும். கார் குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நின்றிருக்க வேண்டும் என்பது இதன் பொருள், மும்பையில் குளிர் என்ற சொல்லுக்கு வேறு பொருள் இல்லை. வெப்பநிலை ஐந்தாறு பாகை உயர்ந்தால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடும். ஆகவே கிங்ஸ் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்து பம்பை அடைந்து, அங்கே அளவிடப்படும் எண் சூடான டயரின் எண். வீட்டில் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் மர நிழலுமாக நிறுத்திய காரில் இடமும் வலமும் வேறுபடும். இவற்றையெல்லாம் தவிர்க்க விடியற்காலையில், சொந்த அழுத்தமானியைக் கொண்டு, வீட்டு வாசலிலேயே அளவிட வேண்டும். தொடங்க வேண்டிய சக்கரம் ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரம். நான்கில் ஒன்று பழுதானால் உதவ வேண்டியது அதுவே; ஷோரூமை விட்டு வந்தபின் புதுக்காற்றைக் காணாததும் அதுவே. சில கார்களில் அது மற்றவற்றினும் மெலிந்த சக்கரமாக இருக்கும். அதற்கு 60 பி.எஸ்.ஐ. வரை வேண்டும். அது டிக்கியில், தரைவிரிப்புக்கு அடியில் உள்ளது.

மும்பையில் டிக்கி என்பது வீட்டின் ஓர் அறை. அதில் தரைவிரிப்புக்கு மேலே, மடக்கு இரும்பாலான கொலுப் படிகளும், இரண்டு பொம்மைப் பெட்டிகளும், யாரும் விளையாடாத ஒரு கேரம் பலகையும், ஊரிலிருந்து வந்து இன்னும் பிரிக்கப்படாத மூட்டை ஒன்றும் இருக்கும். அவற்றைக் கீழே இறக்கி வைத்தால், மேல்மாடிச் சன்னலிலிருந்து ஒரு குரல் எதற்கு என்று கேட்கும். காற்றுப் பார்ப்பதற்கு என்னும் விடை அங்கே ஏற்கப்படுவதில்லை. ஆண்டில் அந்த டிக்கி காலியாக இருப்பது படிகள் வீட்டுக்குள் ஏறும் நவராத்திரியின்போது மட்டுமே. அந்த ஒன்பது நாளும் சுண்டலுக்கு வருவோரின் கார்கள் வளாகத்தில் முன்னும் பின்னும் நெருக்கி நிற்பதால், டிக்கியைத் திறக்க இடம் இராது.